சேனை தொட வந்த ஏட்டையா

கொள்கைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சீசனுக்குக் குற்றாலம் வருகிற கூட்டத்தைவிட இவர்கள் அதிகம். சீசன் முடிந்தாலும் போக மாட்டார்கள். அடையாளம் சுலபம். நீங்கள் கேட்காமலே தன் கொள்கையைச் சொல்லுவார். மொபைல்தான் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசுவார். அதை யாராவது வீடியோ எடுத்தால் எனக்கும் அனுப்பு என்பார். குளித்தால் மெயினருவிதான் என்பார். வெள்ளம் வந்து மெயினருவியில் தடை போட்டால்? ஐந்தருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டே, விவரம் தெரிந்தவன் இங்கேதான் குளிப்பான் என்று பக்கத்து ஆளுக்குப் பாடம் எடுப்பார். கொள்கை மாறவே மாறாது. அவர்தான் கொஞ்சம் நகர்ந்து நிற்பார்.

எனக்கு வாய்த்த கொள்கைக்காரர் கீழப்பாவூர் சுந்தரபாண்டியன். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மகள் உமாராணி, என் மகன் கிங்ஸ்லியை விரும்பி, ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஏட்டையா விடுவாரா? பாவூர்சத்திரம் மார்க்கெட்டில், வெண்டைக்காய் மூட்டைக்கும் தக்காளிப் பெட்டிக்கும் நடுவில் நின்று, லோடுமேன்களைச் சாட்சி வைத்து, உயிரே போனாலும் அந்த வீட்டு ஆட்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சபதம் போட்டார். இரண்டு வருஷம் காப்பாற்றவும் செய்தார். என்னைப் பஸ்ஸில் பார்த்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடப்பார். உடம்புக்கு நல்லதுதான்.

போன புதன்கிழமை தென்காசி ஆஸ்பத்திரியில் எனக்குப் பேரன் பிறந்தான். மூன்று கிலோ நூறு கிராம். சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள். செய்தி கீழப்பாவூருக்குப் போனது. ஏட்டையா அசையவில்லையாம். வீட்டம்மா வடிவம்மாள் அழுது பார்த்தும் அசையவில்லையாம். அப்புறம் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார்: "சரி, அந்த வீட்டுத் தாத்தாவே பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கட்டும்."

சேனை தெரியும்தானே? பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல்முதலாகச் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பது. தொட்டு வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

முக்கால் மணி நேரத்தில் ஏட்டையா வார்டு வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது. கையில் சீனித்தண்ணீர் தம்ளர். அத்தனை தூரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"என்னவே, நீரு தொட்டு வச்சிட்டீரா?" என்றார். இரண்டு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

இல்லை என்றேன்.

"நல்லதாப் போச்சு. சொன்ன சொல்லு மாறாத ஆளு தொட்டாத்தான் பிள்ள நாளைக்கு ஒரே பேச்சுல நிப்பான். அதான் நானே வந்துட்டேன்."

நான் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

நர்ஸ் ஹைருன் பீவி தம்ளரை வாங்கி வாஷ்பேசினில் கொட்டினாள். "தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி கூடாது அண்ணாச்சி. சேனையும் கிடையாது, கீனையும் கிடையாது."

ஏட்டையாவுக்கு முகம் செத்துவிட்டது. வந்த வேலை இல்லை என்றாகிவிட்டது. இப்போது திரும்பிப் போய்விடுவாரா? சபதத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதா? உமாராணி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிள்ளையை நீட்டினாள். அவர் விரலைக் கொடுத்தார். பயல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"பாத்தீரா சம்பந்தி, பிடிச்ச பிடிய விடமாட்டேங்கான். சேனையே வேண்டாம், அப்படியே நான்தான்."

அதற்குள் பிள்ளைக்குப் பசித்துவிட்டது. உமாராணி மடிக்கு வாங்கியதும், பிடித்த விரலை உதறிவிட்டுப் பால் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆமாம், அப்படியே தாத்தாதான்.

எந்தத் தாத்தா என்று கேட்காதீர்கள். மருமகள் ஞானஸ்நானம் வாங்கினால்தான் வீட்டுப்படி ஏறலாம் என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் விரலை இன்னும் யாரும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.