கோட்லீப் படி துடைத்த ஞாயிறு

"இனிமே இந்த வீட்ல நான் வெச்சதுதான் சட்டம்!" என்று சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் கோட்லீப் முழங்கினார். கையில் பெருக்கும் வாரப் பலகை.

எங்கள் ஸ்டுட்கார்ட் குடியிருப்பில் அந்தப் பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது அவர்கள் பொறுப்பு. வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். எங்கள் முறையை நாற்பது வருஷம் நான்தான் செய்தேன். இப்போது முழங்காலில் ஆபரேஷன். மூன்று மாதம் படிப்பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் மூவரும் வெளியூரில்.

"நீங்கதாங்க பெருக்கணும்."

"நானா? நாலு பேர் பார்த்தா?"

"பார்த்தா அவங்க வீட்டுக்காரரையும் பெருக்கச் சொல்வாங்க."

"சும்மா இரு. எனக்கு மூளை எதுக்கு இருக்கு?"

செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி மேலே ஏறினார். படியைத் தொடாமலே, மாடி வீட்டு ஹேபர்லே அம்மா கதவில் பலகையை மாட்டிவிட்டு வந்தார். அந்த அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. எங்கள் குப்பையை அவரா அள்ளுவது? 'ஆண்டவரே, வழி காட்டும்' என்று ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே போன். போன் பேச முழங்கால் வேண்டாமே!

"நீ கலங்காதே கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார் ஹேபர்லே அம்மா.

மறுநாள் ஆராதனை முடிந்து இவர் வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அந்தம்மா எல்லார் முன்னாடியும் என் கையைப் புடிச்சுக் குலுக்குது! 'தம்பி பலகை மாட்டிட்டாரு, அப்போ படியைத் துடைச்சிட்டாருன்னுதானே அர்த்தம்'னு பாதிரியார்கிட்டயே சொல்லுது! அவரு மூணு மணிக்கு உன்னைப் பார்க்க வராராம். படியையும் பார்ப்பாராம்!"

"அதுக்குள்ள பெருக்கிடுங்க."

"ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள், இந்த ஊர்ல சத்தமே வரக் கூடாது. துடைப்பச் சத்தம் கேட்டா தெருவே சண்டைக்கு வரும்டி!"

அதனால் சத்தமே இல்லாமல், ஈரத்துணியோடு, இருபத்திரண்டு படியையும் முழங்காலில் நின்று துடைத்தார். இவரை முழங்காலில் பார்க்க நான் எத்தனை வருஷம் ஜெபித்திருக்கிறேன்!

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர் மெல்லக் கேட்டார்: "நாப்பது வருஷமா இதையா செஞ்சே?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்தோத்திரம் சொன்னேன்.

பாதிரியார் வந்தார். படியைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "இவங்களுக்குக் கால் சரியாகிறவரைக்கும் நீங்களேதானா, கோட்லீப்?"

இவர் வாயைத் திறப்பதற்குள், "மூணு மாசம், பாதிரியாரே" என்றார் கூடவே வந்த ஹேபர்லே அம்மா. "என் முறையையும் சேர்த்து."

பாதிரியார் கண்களை மூடி, அந்த மூன்று மாதத்துக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஜெபித்தார். ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்லாமல் இருக்க முடியுமா?

இவரும் சொல்லிவிட்டார்.