பால்வீதிக்கு அங்காலை இருந்து வந்த சிக்னல்

நேற்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். என்ர பேராசிரியையை எங்கட மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு சிக்னலைக் காட்ட வேணும்.

விண்வெளியிலை இருந்து சட்டெண்டு வந்து, கண்மூடித் திறக்க முதல் மறையிற ரேடியோ சிக்னல்களைத் தேடுறதுதான் என்ர படிப்பு. அதுக்கெண்டு இத்தாலியிலை, அல்பெர்கேரியாப் பகுதியிலை, நாங்கள் இருக்கிற அஞ்சாம் மாடிக்கு மேலை, சின்ன அன்டெனா ஒண்டு வச்சிருக்கிறன்.

கொஞ்ச நாளா அந்திநேரத்திலை மட்டும் சிக்னல் வந்துது. கீழை அறைக்குள்ளை கம்ப்யூட்டருக்கு முன்னாலை இருந்த எனக்குச் சந்தோசத்திலை தலைகால் புரியேல்லை.

வீட்டுச் சாமான் ஏதும் செய்யிற வேலையோ எண்டு பேராசிரியை கேட்டா. மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ், ரீவி எல்லாம் நிப்பாட்டிப் பாத்திட்டன், இது பால்வீதிக்கு அங்காலை இருந்துதான் வருது எண்டு அடிச்சுச் சொன்னன்.

உண்மையா இருந்தா ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்க்கிறன் எண்டு அவ சொன்னா. அம்மா உடனை மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்து, கோயில் முழுக்கச் சொல்லியும் போட்டா.

லிஃப்ட் இல்லாத வீடு. பேராசிரியை மூச்சு வாங்கி வாங்கி மேலை வந்து கதிரையிலை இருந்தா. லாப்டொப்பை விரிச்சன். பொழுது பட்டுது. ஸ்கிரீனிலை நேர்கோடு. ஒரு அசைவும் இல்லை.

அவ கையைச் சொறிஞ்சுகொண்டு மணிக்கூட்டைப் பாத்தா. அந்த நேரம் பாத்து அம்மா பொரிச்ச ரோல்ஸோடை மேலை வந்தா.

"பாவம் பிள்ளை, ரீச்சரை நுளம்பு பிச்சுத் தின்னுது."

தட்டை வச்சிட்டு, உடுப்புக்கொடிக்குப் பின்னாலை இருந்த, நுளம்பு அடிக்கிற கரண்ட் மட்டையை எடுத்தா. சித்தி கொழும்பிலை இருந்து கொண்டுவந்து குடுத்தது. பொழுதுபட உடுப்பு எடுக்க வந்தால், அதாலை நாலு நுளம்பு அடிக்காமல் அம்மா கீழை இறங்க மாட்டா.

படார்.

மட்டையிலை பொறி பறந்துது. ஸ்கிரீனிலை கோடு துள்ளிச்சுது. "வந்திட்டுது!" எண்டு நான் கத்தினன்.

படார். படார். கோடும் துள்ளித் துள்ளி விழுந்துது.

பேராசிரியை ஸ்கிரீனைப் பாத்தா. அம்மாவைப் பாத்தா. பிறகு மெதுவா, "சின்யோரா, இன்னும் ஒருக்கா" எண்டு கேட்டா. அம்மாவும் மரியாதையா இன்னொரு நுளம்பைத் தேடி அடிச்சா.

வீட்டிலை எல்லாத்தையும் நிப்பாட்டிப் பாத்தனான். அம்மாவை நிப்பாட்டிப் பாக்கேல்லை.

"என்னவாம் பிள்ளை?"

"இவ்வளவு நாளும் நான் கண்டுபிடிச்சது உங்களைத்தான் அம்மா."

பேராசிரியை சிரிச்சுச் சிரிச்சு ரோல்ஸ் சாப்பிட்டா. எனக்கு அழுகை வந்துது. அன்டெனா அருமையா வேலை செய்யுதாம். திங்கட்கிழமை அந்த மட்டையையும் கொண்டு வரட்டாம், புதுசா வாற பிள்ளையளுக்குக் காட்ட.

ஆராய்ச்சிக்கூடத்திலை மட்டைக்கு இடம் கிடைச்சிட்டுது. எனக்கு அடுத்த வருசம் பாப்பினமாம்.