கொன்றை விதைக்கு வெந்நீர்

உலகமே தலைகீழாகப் புரண்டாலும் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்திருப்பதில்லை என்று ரொட்டிக்காரர் முடிவெடுத்திருந்தார். வாரம் முழுக்க விடியுமுன் எழுந்து பேக்கரியில் மாவு பிசைகிற தோள்கள். அவற்றுக்கு மிச்சம் அந்த ஒரு காலைத் தூக்கம்தான். அதற்கும் மனைவி வேட்டு வைத்தாள்.

"என்னங்க, சரக்கொன்றை விதை கொண்டாந்திருக்கேன். கொல்லைச் சுவரோரமா வரிசையா வைக்கலாம். கொத்துக் கொத்தா மஞ்சப் பூ தொங்கும்."

"தொங்கட்டும்."

"குழி வெட்டணுமே. ஞாயித்துக்கிழமை நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

சும்மா! இந்த வீட்டில் தூக்கத்துக்கு அதுதான் பெயர். கொல்லை மண்ணோ கடப்பாரையையே வளைத்துவிடும். முடியாது என்று சொல்லலாம். சொன்னபின் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் தெம்பு வேண்டுமே.

விதைக் கிண்ணம் அடுப்பு மேடையிலேயே இருந்தது. பக்கத்தில் டீக்கு வைத்த தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மனைவி துணி காயப்போடப் போயிருந்தாள். ரொட்டிக்காரரின் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. வெந்நீர் பட்டால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு உப்பவே உப்பாது. ஈஸ்ட்டுக்கே அந்தக் கதி என்றால் விதை எம்மாத்திரம்? கிண்ணம் நிறைய ஊற்றினார். ஆறியதும் வடித்துத் துடைத்துப் பழையபடி வைத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தோளும் வலித்தது.

மனைவி பைகளில் மண் நிரப்பி விதை ஊன்றும்போது பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"தம்பியாவது, குழி வெட்டறதாவது!"

"ஏங்க்கா, வெட்ட மாட்டேனா? எத்தனை முளைக்குதோ அத்தனை குழி. நீங்கதான் சாட்சி!" என்று மார்தட்டினார் ரொட்டிக்காரர்.

அப்புறம் வந்த ஞாயிறுகளில் அவர் குறட்டை தெருமுனை வரை கேட்டது. அப்படியொரு காலையில் போர்வை பறந்தது.

"எழுந்திருங்க. முளைச்சிருக்கு."

"எது?"

"எல்லாம்."

கொல்லைக்கு ஓடினார். ஒரு பை பாக்கியில்லாமல் பச்சை தலைகாட்டியது. சுவருக்கு மேல் அக்காவின் தலையும் தெரிந்தது.

"அதெப்படி முளைக்கும்? கொதிக்கக் கொதிக்க..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஊத்தினீங்க. துணிக்கொடிகிட்ட நின்னு ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த விதைக்குத் தோல் கல்லு மாதிரியாம். வெந்நீர் பட்டாத்தான் இளகி முளைக்கும்னு நர்சரியில சொன்னாங்க."

"அப்ப நீயே ஊத்தியிருக்கலாமே!" ரொட்டிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவி கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நான் ஊத்தியிருந்தா, சாட்சி வச்சு நீங்க வாக்குக் கொடுத்திருப்பீங்களா?"