மாஜி விட்டுப் போன பிளாஸ்டிக் கவர்

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் எத்தனை வேலை உண்டோ அத்தனையிலும் சேர்ந்து, அத்தனையையும் விட்ட ஒரே மனிதர் எங்கள் மாஜிதான். வீட்டில் வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். "நான் மாஜி கண்டக்டர், மாஜி பெட்ரோல் பங்க்" என்று அவரே சொல்லிச் சொல்லி, கடைசியில் மாஜி மட்டும்தான் மிஞ்சியது.

நான் பார்த்தபோது அவர் எங்கள் மாம்பழக் கூழ் கம்பெனியில் வாட்ச்மேன். கங்காதர நெல்லூர்ப் பக்கத்துப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் அங்கே மாம்பழம் அறுத்துக் கொட்டை எடுப்போம். என் வீட்டுக்காரர் விழுந்து படுத்ததிலிருந்து அவருடைய மாத்திரை என் கத்தியில்தான் ஓடியது.

வேலை மாறுவதற்கு யோசனை சொல்வது மாஜிக்கு ஒரு வியாதி. பெட்ரோல் பங்கில் பக்கத்தில் நின்றவனுக்குச் சொன்னார். அவன் பெரிய கம்பெனியில் டிரைவராகப் போனான், முதலாளி மாஜியை வீட்டுக்கு அனுப்பினார். காளஹஸ்திக் கோயிலில் செருப்புக்கு டோக்கன் போடும் வேலை. கூட இருந்த இரண்டு பேருக்கும் சொன்னார். இரண்டு பேரும் போய்விட்டார்கள். திருவிழா அன்று மலைபோல் குவிந்த செருப்புக்கு நடுவில் மாஜி ஒற்றை ஆளாக நின்றார். அன்றைக்கு வெறுங்காலோடு வீடு போனவர்கள் இன்னும் அவரைத் தேடுவதாகக் கேள்வி.

எந்த வேலையை விட்டாலும் முதலாளியிடம் ஒரு காகிதம் எழுதி வாங்காமல் நகரமாட்டார். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருப்பார். அதில் ஒன்று மருந்துக் கடையில் கொடுத்தது. "இவன் இங்கே வேலை பார்த்தான். இனிமேல் பார்க்கமாட்டான்" என்று மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தது.

"இத்த போய் வச்சிக்கினு இருக்கியே!" என்று என் பக்கத்தில் உட்காரும் நாகம்மா சிரித்தாள்.

"வேலை பார்த்தான்னு எழுதிக்குதா இல்லியா? அது போதும் எனக்கு" என்றார் மாஜி.

நாங்கள் சோறு தின்னும் நேரத்தில் கேட்டருகே நின்று பாடம் நடத்துவார். "அங்க வான்னு சொன்ன அப்பறம்தான் இங்க வரமாட்டேன்னு சொல்லணும். சண்ட போட்டுக்கினு போகாதீங்க, போற எடத்துல பழைய மொதலாளிய திட்டாதீங்க. நாளைக்கு நம்மளயும் இப்டித்தான் பேசுவாங்கன்னு நெனச்சிப்பான்."

"ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு நீ எங்கய்யா போய் சேந்த?" என்பாள் நாகம்மா.

"கண்டக்டர் எல்லாரயும் அவங்க அவங்க ஊர்ல எறக்கி வுடுவான். அவன் எங்க எறங்கறான், சொல்லு பாப்போம்."

எல்லாரும் சிரித்தோம். நானும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன்.

எங்கள் கம்பெனியில் யாரையும் வராதே என்று சொல்லமாட்டார்கள். கேட்டில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். காலையில் ஆணியில் தொங்கும் நம்முடைய டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒரு நாள் அது தொங்காவிட்டால் வேலை போயிற்று என்று அர்த்தம். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவள்போல, சோற்று டப்பாவோடு திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடப்பாள் அந்தப் பெண்.

இந்த வருஷம் அறுப்பதற்கு மெஷின் வந்தது. மாஜி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, வயசானவங்கள எடுக்கப் போறாங்க. உன் நம்பரும் லிஸ்ட்ல கீது. டோக்கன் தொங்கறப்பவே வேற எடம் பாரு. போன அப்பறம் தேடினா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும்."

"எனக்கு இன்னா தெரியும் தம்பி?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இத்த மட்டும் சொல்லாத! நம்ம பொம்பளைங்க அத்தினி பேரும் மரியாதைக்குச் சொல்ற வார்த்தை இது. கேக்கறவன் நெசம்னு நெனச்சிக்கிறான். இருபத்தஞ்சு வருசமா அறுக்கறேன், லீவு போட்டதில்லன்னு சொல்லு."

சரி என்றேன். ஆனால் போகவில்லை. புது வாசலில் போய் நிற்பதை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு திங்கட்கிழமை என் ஆணியில் டோக்கன் இல்லை. அதற்குப் பதில் ஒரு விசில் தொங்கியது. மாஜி யூனிஃபார்ம் இல்லாமல் வெளியே நின்றிருந்தார். பதினாலு டோக்கனைக் கழற்றச் சொன்னார்களாம். கழற்றிவிட்டு, தன் விசிலையும் மாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"சண்ட போட்டுக்கினு போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்றேன்.

"சண்ட எங்க போட்டேன்? விசில் அவங்களது, குடுத்துட்டேன்."

"உன்ன எங்க வான்னு சொன்னாங்க?"

அவர் கவரைத் தட்டிக்கொண்டு, "திருப்பதியில ஒரு சத்திரத்துல காய் அறுக்க ஆள் வேணுமாம், வா" என்றார்.

பஸ்ஸில் வழியெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நானும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன். மாத்திரை இன்னும் இரண்டு நாளுக்குத்தான் இருந்தது.

சத்திரத்து மேனேஜர் தெலுங்குக்காரர். "ஏமம்மா, நீக்கு ஏமி தெலுசு?" என்று கேட்டார். உனக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்டார். பஸ்ஸில் மனப்பாடம் செய்ததெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, "நாக்கு ஏமி தெலீது சார், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

மாஜி கண்ணை மூடிக்கொண்டார்.

மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, தமிழில், "கையில என்ன கவர்?" என்றார். வாங்கி ஒவ்வொரு காகிதமாகப் படித்தார். அந்தக் கவரை மரியாதையாகப் படித்த முதல் மனிதர் அவர்தான். "இவ்வளவு வேலை தெரியுமா? அப்போ காய்க்கும் ஸ்டோர் ரூமுக்கும் நீ ஒருத்தன் போதும். இன்னைக்கே சேந்துடு" என்றார்.

அவருக்கும் போய்ச் சேர ஓர் இடம் கிடைத்துவிட்டது. அங்கே வா என்று ஒருவர் சொல்லிவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார் மாஜி. "காயிதம் மட்டும்தான். ஒரு எடத்துல நின்னதில்ல. இந்த அக்கா இருபத்தஞ்சு வருசம் ஒரே எடத்துல அறுத்துது. கையில கத்தியக் குடுத்துப் பாருங்க, வாயக் கேக்காதீங்க."

ஒரு பரங்கிக்காயைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாய்க்குத்தான் கூச்சம், கைக்கு இல்லை. அறுத்து முடித்து நிமிர்ந்தபோது மேனேஜர் தலையாட்டினார். மாஜி நின்ற இடம் காலியாக இருந்தது. கவர் மட்டும் மேஜைமேல் கிடந்தது.

மூன்று மாதமாகிறது. மாத்திரை நிற்கவில்லை. மாஜி தடா ஊர்ப் பக்கம் போயிருக்கிறார் என்று ஒருவர் சொல்கிறார், பார்க்கவே இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். அந்தக் காகிதம் இல்லாமல் அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

கவரை அரிசி டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நானும் ஒரு காகிதம் எழுதி உள்ளே சேர்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, கோணலாகத்தான் வந்தது. "இவர் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வந்து கேட்டால் கொடுப்பேன். வராவிட்டால், எங்கேயோ ஒரு வேலை அவருக்கு நிலைத்துவிட்டது, காகிதம் தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்துக்கொண்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.