கழுத்துக்கு ஒரு வேண்டுதல்

"அண்ணே, தைப்பூசத்தன்னிக்கு மட்டும் வெளிய தலை காட்டாதீங்க. இன்சூரன்ஸ்காரங்க உங்க பின்னால ஆள் போட்டிருக்காங்க," என்றாள் தொலைபேசியில் ரூபினி. வழக்கறிஞர் அலுவலகத்தில் புவனேஸ்வரனின் விபத்து வழக்கைக் கவனிக்கும் கிளார்க் அவள். "நீங்க பாரம் தூக்குற மாதிரி ஒரு வீடியோ சிக்குனா போதும்லா. எக்ஸ்ரே, டாக்டர் ரிப்போர்ட், போலீஸ் ரிப்போர்ட் எதுவும் நிக்காது. நடிக்கிறீங்கன்னு சொல்லிடுவாங்க."

"சரிம்மா," என்றார் புவனேஸ்வரன்.

எதிரே அவர் மனைவி பிரமிளா, ஒரு புதுக் குடத்தின் வாயில் மஞ்சள் துணி கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். கழுத்து மட்டும் திரும்பவில்லை. அலமாரியை நகர்த்துவதுபோல முழு உடம்பும் திரும்பியது. "ராங் நம்பர்."

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்கறி வாங்கப் பாசாருக்கு மோட்டார் சைக்கிளில் போனவரை, சந்திலிருந்து நிற்காமல் வந்த கார் ஒன்று தூக்கிப் போட்டது. கழுத்தெலும்புகளுக்கு இடையே ஒரு வட்டு நழுவிவிட்டது. பின்னால் திரும்பிப் பார்க்க முடியாதவன் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டக்கூடாது என்று, அவர் வேலை பார்த்த ஜுரு ஊர்த் தொழிற்சாலையில் அவரைப் பெட்டி எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். வீட்டில் அதைப் பதவி உயர்வு என்று சொன்னார். நஷ்டஈடு கிடைத்தால்தான் தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. அதையும் ஈப்போவில் கம்பெனிப் பயிற்சி என்று சொல்லிவிட்டுச் செய்துகொள்வதாக உத்தேசம்.

பொய் சொல்லிப் பழகியவர் அல்லர். ஆரம்பத்தில் அவர் முனகும்போதெல்லாம் பிரமிளா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர் ஓடும் சத்தத்தில் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு. அவருக்குக் கேட்டது. நாலு மாதம் கேட்டார். தீபாவளிக்கு முந்தின வாரம், "கழுத்து சரியாப் போச்சு," என்று சொல்லிவிட்டார்.

அவள் வெகுநேரம் அவரையே பார்த்தாள்.

"நிசமாவா?"

"நிசமா."

"அப்போ தைப்பூசத்துக்கு நீங்க பால்குடம் எடுக்கணும். கழுத்து சரியானா அந்தக் கழுத்தாலயே சுமந்துக்கிட்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவாருன்னு ஆஸ்பத்திரியில வேண்டிக்கிட்டேன்."

வலி இருந்தால் வேண்டுதல் இல்லை. வலி இல்லை என்றால் வழக்கு இல்லை. கோர்ட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று அவருக்கு இரண்டு கழுத்து தேவைப்பட்டது. இருந்தது ஒன்று, அதுவும் பழுது.

ரூபினி கூப்பிட்டதற்குப் பிறகு இரண்டு நாள் யோசித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார். "லாயர் மலை ஏற வேணாங்கிறாரு."

"சரியாப் போன கழுத்துக்கு லாயர் எதுக்குங்க?"

"கேஸு நடக்குதில்ல..."

"எதுக்குக் கேஸு?"

அவர் தரையைப் பார்த்தார். "அது சும்மா."

"கழுத்துல மாட்டிக்கிட்டு லாயர் ஆபீஸுக்குப் போவீங்களே, அந்தப் பட்டை?"

"அதுவும் சும்மாதான்."

"அப்போ பொய்க் கேஸா?" பிரமிளாவின் குரல் தணிந்தது. "இந்தப் பாவத்துக்காகவாவது நீங்க குடம் எடுத்தே ஆகணும்."

உண்மையான வலியைப் பொய்யாக்கியதில் அவருக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

அடுத்த யோசனை மொட்டை. மலையில் ஆயிரம் மொட்டை இருக்கும். எந்த மொட்டையை இன்சூரன்ஸ்காரன் தேடுவான்? ஃப்ளாட்டுக்குக் கீழே இருந்த முடிதிருத்தகத்தில் போய் உட்கார்ந்தார். துணைக்கு வந்த பிரமிளா வாசலில் நின்றாள். வேலை முடிந்ததும் முடிதிருத்துபவர், யாரும் கேட்காமலேயே, இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்து இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினார். சொடக்கு தெரு வரைக்கும் கேட்டது.

"எப்படிண்ணே? ஃப்ரீ சர்வீஸ்!"

புவனேஸ்வரனுக்குக் கடை இருட்டிக்கொண்டு வந்தது. "சுகமா இருக்கு," என்றார்.

"ஏங்க கண்ணு கலங்குது?" என்றாள் பிரமிளா.

"பக்தி."

அவள் பக்கத்தில் வந்தாள். "என்கிட்ட ஏதாவது சொல்லணுமாங்க?"

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல," என்று அவள் வெளியே போய்விட்டாள்.

தைப்பூசத்தன்று காலை மஞ்சள் வேட்டி, மொட்டைத் தலை, முகத்தை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி. மலையடிவாரத்தில் அந்தக் கண்ணாடியைப் பார்த்தே எல்லோரும் திரும்பினார்கள். பிரமிளா குடத்தை அவர் தலையில் வைத்தாள்.

"கனமே இல்லையே?"

"முருகன் சுமக்கிறாரு. பேசாம நடங்க."

அவருக்கு நெஞ்சு இளகியது. பொய் சொன்னவனுக்கும் இவ்வளவு கருணையா? பத்தடி நடந்திருப்பார். தண்ணீர்ப் பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த நல்லமுத்து, தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர், அவரைப் பார்த்துவிட்டார்.

"பக்த கோடிகளே! அதோ, கறுப்புக் கண்ணாடி போட்டு வர்றது நம்ம ஜுரு புவனேஸ்வரன் அண்ணன்! ஆக்சிடென்ட்ல கழுத்து போயி, ஃபோர்க்லிஃப்ட் வேலை போயி, இன்னிக்குத் தலையில பால்குடம்! புவனேஸ்வரன் அண்ணனுக்காக எல்லாரும் ஒரு தடவை, வெற்றிவேல்!"

"வீரவேல்!" என்றது கூட்டம்.

கூட்டத்தில் ஒருவன் மட்டும் கையில் கேமராவோடு திரும்பினான். நீலச் சட்டை. போன வாரம் ஃப்ளாட்டில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இவரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"இங்கயே நில்லுங்க, தண்ணி வாங்கிட்டு வரேன்," என்று பிரமிளா கூட்டத்துக்குள் போனாள். பத்து நிமிடம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

"தண்ணி?"

"கூட்டம். வாங்க, ஏறலாம்."

இருநூறாவது படியில் தோளில் ஆரம்பித்த வலி விரல் நுனி வரை இறங்கியது. குடம் இலகுதான், கழுத்துக்கு அது புரியவில்லை.

"உக்காருறீங்களா?"

"எதுக்கு?"

"வலி கிலி இருந்தா..."

"எனக்கா!" என்று அவர் இரண்டு படியாக ஏறிக் காட்டினார். நீலச் சட்டைக்காரனும் பின்னாலேயே ஏறினான்.

மேலே சேர்ந்ததும் பிரமிளா குடத்தை இறக்கிக்கொண்டாள். "நீங்க உக்காருங்க. நான் குடுத்துட்டு வரேன்," என்று வரிசையில் போய் நின்றாள்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கீழே ஜார்ஜ் டவுன் கூரைகளும் அதைத் தாண்டி மங்கலான கடலும் கிடந்தன. வழக்கு போயிற்று, அறுவைச் சிகிச்சை போயிற்று. மனைவி முன்னால் பொய்யன். நாளை கோர்ட்டிலும் பொய்யன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"மோகனராஜ்ண்ணே. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விசாரணை பண்றவன்."

"படம் எடுத்துட்டியா, தம்பி?"

"அடியிலேர்ந்து முடி வரைக்கும்."

புவனேஸ்வரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தீபாவளிக்குப் பின் முதல் முறையாக, முன்பின் தெரியாத அந்த ஆளிடம் சொன்னார்: "வலிக்குது தம்பி. நெசமாவே வலிக்குது. நீ நம்ப மாட்டே."

"நம்பாம என்னண்ணே? வெறும் குடத்தைத் தூக்குனதுக்கு நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதறது?"

"வெறும் குடமா?"

"பால் பாக்கெட் அக்கா பையில இருக்கு. மேல வந்து ஊத்திக்கிறேன்னாங்க. போன வாரம் பக்கத்து வீட்டுல விசாரிச்சது நீதானேன்னு கீழ என்னைப் பிடிச்சு நிறுத்தி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. கூப்பிட்டா உடம்போட திரும்புற மனுஷனுக்குக் கழுத்து சரியாப் போச்சுன்னு சொன்னா யார் நம்புவான்னு கேட்டாங்க."

"பின்ன வேண்டுதல்?"

மோகனராஜ் வரிசையில் நின்ற பிரமிளாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"'அப்படி ஒரு வேண்டுதலே இல்ல தம்பி, முருகன் பேரைச் சொன்னாலாவது வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்வாருன்னு பார்த்தேன், மனுஷன் மொட்டையே அடிச்சுக்கிட்டாரு'ன்னாங்க."