ஹவில்தார் ராஜையனின் கடைசி மெடிக்கல்

சாகும்வரை தனக்குச் சர்க்கரை நோய் கிடையாது என்று அப்பா தீர்மானித்திருந்தார். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. போன மாதம் தம்பானூரில் பஸ் இறங்கி, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமாவுக்கும் சர்க்கரையில் கால் மரத்து இப்படித்தான் தொடங்கியது. இப்போது மாமாவின் வலது காலில் மூன்று விரல்தான்.

முன்னாள் ராணுவத்தினர் கிளினிக்கிலிருந்து மெசேஜ் வந்தது. நோய் முற்றும் முன்னே கண்டுபிடிக்கிற முகாமாம். புருஷன் பெஞ்சாதி இருவரும் வரணும், காலை மூத்திரத்தோடு.

அப்பா முகம் வெளுத்தது. "கேட்டகரி இறக்கிருவான் ஏட்டி."

"ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு. இனி எதுல இருந்து எதுக்கு இறக்க?" என்றாள் அம்மா.

பட்டாளத்தில் உடம்பின் கேட்டகரி இறங்கினால் பிரமோஷன் போச்சு. அதனால் ஒருமுறை மெடிக்கலில் கூட்டாளியின் மூத்திரத்தைக் கொடுத்துத் தப்பியவர் அப்பா. அந்த வீரக்கதையை எங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். புத்தியுள்ளவர் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

முகாம் அன்று காலை ஒரே மாதிரி இரண்டு குப்பிகள் ஜன்னலில் இருந்தன. அப்பாவுடையதில் ராஜையன், அம்மாவுடையதில் சொர்ணம் என்று பெயர் மூடியில்தான் எழுதியிருந்தது. அம்மா சேலை மாற்றப் போனாள். அப்பா மூடிகளை மாற்றினார்.

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். சொர்ணத்துக்கு ஒன்றுமில்லை, ராஜையனுக்குத்தான் சர்க்கரை ரொம்பக் கூடுதல் என்றார்.

அப்பாவுக்கு வியர்த்தது. அவர் பெயரில் போனது அம்மாவின் மூத்திரம் அல்லவா? அப்படியானால் சர்க்கரை அம்மாவுக்கு. அவர் ஃபேனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கால் விரல்களைப் பார்த்தார். பிறகு எழுந்து அட்டென்ஷனில் நின்றார்.

"சார், மூடியை நான் மாத்திட்டேன். அந்த ஷுகர் இவளோடது. இவளைக் கவனிங்க சார்."

குரல் உடைந்துவிட்டது. அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அம்மா மட்டும் அசையவில்லை. "அவரு மாத்துவாருன்னு தெரியும் சார். அவரு ஷேவ் பண்ணும்போதே நான் ஒருக்கா மாத்தி வச்சேன். இப்ப சரியாத்தான் இருக்கு."

அப்பா உட்கார்ந்தார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று ஒரு சீட்டில் எழுதினார். அப்பா கை நீட்டினார்.

"எங்கிட்ட குடுங்க சார்," என்றாள் அம்மா. "அதையும் மாத்திருவாரு."