எரிக்கக் குப்பை இல்லாத ஊர்

அன்பின் மச்சான் பஹ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் வீட்டுக்காரியான உன் ராத்தா ஸஹீதாவின் பிரஷரும் எனது சீனி வருத்தமும் தத்தம் எல்லைக்குள் நிற்கின்றன. கட்டாரில் உன் சுகத்துக்கும் அல்லாஹ்விடம் கையேந்துகிறேன். நிற்க.

குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கும் மெசின் ஒன்று வெளிநாட்டு உதவியில் நம் ஊர் வாவிக்கரைக்கு வந்திருக்கிறது. திறப்பு விழாவன்று பிரதேச சபைத் தவிசாளர் பட்டனை அழுத்தினால் வீதி விளக்கெல்லாம் எரியும் என்றார்கள். அழுத்தினார், புகைதான் வந்தது. சபை ட்ரக்டர் கொண்டுவந்து கொட்டியது மீன் செதிலும் வத்தகப்பழத் தோலும் கல்யாண வீட்டு மிச்சச் சோறும். "சேர், இதை அவிக்கலாம், எரிக்க ஏலாது" என்றார் மட்டக்களப்பிலிருந்து வந்த இஞ்சினியர் நிதுர்ஷன். எரியக்கூடிய பிளாஸ்டிக் போத்தலையும் காட்போட் மட்டையையும் உன் ராத்தாவின் பெண்கள் சங்கம் வீடு வீடாகச் சண்டை பிடித்துப் பிரித்தெடுத்து, மீள்சுழற்சிக் கம்பனிக்கு விற்றல்லவா அடுப்பு மூட்டுகிறது!

மறுநாள் தவிசாளர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ராத்தா, இனிப் பிரிக்காம எல்லாத்தையும் ஒண்டாப் போடச் சொல்லுங்க. மெசின் பட்டினி கிடக்கு."

"பிரிச்சாத்தான் எடுப்பம் எண்டு நோட்டீஸ் ஒட்டினது நீங்கதானே? இப்ப கலக்கச் சொன்னா, சனம் எங்களுக்கு விசர் எண்டு நினைக்காதா?"

"அது சூழலுக்கு. இது கரண்டுக்கு."

இவள் மறுத்ததும், சங்கத்தின் மூட்டைகளை ட்ரக்டரே வந்து அள்ளிக்கொண்டு போனது. அன்று மெசின் நன்றாகவே எரிந்தது. பட்டப்பகலில் வீதி விளக்குகள் பிரகாசித்தன. பிரிப்பதற்கு ஒன்றுமில்லாமல் வெறுங்கொட்டிலில் உட்கார்ந்து சங்கத்து உம்மு குல்தூம் அழுதாள். அவளுடைய பிள்ளைகளின் சோறல்லவா எரிகிறது. உன் ராத்தா அழவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், கதிரையை மெசின் வாயில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "மூட்டை உள்ளுக்குப் போறெண்டா நானும் போறன்!" தவிசாளர் கெஞ்சினார், பொலிஸ் என்றார், பிறகு தண்ணீர் கேட்டார். நிதுர்ஷன் மெல்ல மெசினை நிறுத்தினார்.

கடைசியில் சமாதானம். போத்தலும் மட்டையும் சங்கத்துக்கு, ஈரக்குப்பை தோட்டப் பசளைக்கு, யாரும் வாங்காத பிஸ்கட் உறை, குழந்தைகளின் பம்பஸ், அறுந்த செருப்பு மட்டும் மெசினுக்கு. அது போதாமல் மெசின் பாதி நாள் தூங்குகிறது. தூங்கட்டும். அந்தப் பிசாசின் பக்கம் உன் ராத்தா இனித் தலைவைத்தும் படுக்க மாட்டாள். அவள் மனம் எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் ஸலாம் சொல்கிறார்கள். உன் உழைப்பில் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உன் மச்சான் மஜீட்

பி.கு: கடிதத்தை ஒட்டும் நேரம் தவிசாளர் வந்துபோனார். மெசினுக்குப் பொறுப்பாக ஸஹீதாவையே போட்டிருக்கிறார்கள். அவளும் ஓம் என்றுவிட்டாள். "தீனி காணாது" என்று இப்போது தெருத்தெருவாக அலைகிறாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. வரும்போது சொக்லேட் கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, உறை பெரிதாகப் பார்த்து வாங்கி வரட்டாம்.